அரை மணி நேரம் லேட்டாக வந்த கார்பன் ராணி

இந்த வாரம் ஒரு இயற்பியலாளரைப் பற்றிப் பேசப்போறோம். ஆனா அதுக்கு முன்னாடி நான் ஒரு தப்பை ஒத்துக்கணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க. டேட்டாபேஸ் பக்கம் அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது. குழந்தை பிறந்து, லீவு முடிஞ்சு திரும்பி வந்தாங்க. எங்க ஸ்டாண்ட்-அப் மீட்டிங் காலை ஒன்பது மணிக்கு. அவங்க குழந்தையை விடுற க்ரெஷ் திறக்கிறதே ஒன்பதுக்குத்தான். அதனால தினமும் ஒன்பதரைக்கு வருவாங்க.

ஒரு நாள் மீட்டிங்ல, "டீமை எப்படி முன்னேத்தலாம், மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. நான் பெரிய நியாயஸ்தன் மாதிரி, "டைம்னா எல்லாருக்கும் ஒரே டைம்தானே?"ன்னு சொன்னேன். பேர் சொல்லல. சொல்லவும் வேண்டியிருக்கல. அக்கா லேசா சிரிச்சாங்க, ஒண்ணும் பேசல. நாலு மாசத்துல பேப்பர் போட்டுட்டுப் போயிட்டாங்க.

அதை நான் மறந்தே போயிட்டேன். போன மாசம் மில்ட்ரெட் டிரெஸ்ஸல்ஹாஸ் என்கிற இயற்பியலாளரைப் பற்றிப் படிச்சுட்டு இருந்தேன். மில்லின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. அவங்க கதையில "எட்டரை மணி"ன்னு ஒரு இடம் வந்துச்சு. அங்கேயே நின்னுட்டேன். அந்த எட்டரை மணிக்கு நாம வருவோம். முதல்ல ஆள் யாருன்னு பார்ப்போம்.

மில்லி 1930-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். வளர்ந்தது பிராங்க்ஸில். போலந்திலிருந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பம். பொருளாதாரப் பெருமந்தக் காலம் வேறு. சின்ன வயதிலேயே வயலின் நன்றாக வாசிப்பார். உதவித்தொகையில் ஒரு இசைப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளுடன் பழகியபோதுதான், நல்ல பள்ளிகள் என்று தனியாகச் சில இருக்கின்றன என்பதே அவருக்குத் தெரிய வந்தது. நுழைவுத் தேர்வுக்குத் தானே படித்து, நியூயார்க்கின் பேர்பெற்ற ஹன்ட்டர் பள்ளியில் சேர்ந்தார். பிறகு ஹன்ட்டர் கல்லூரி.

அந்தக் காலத்தில் அவர் மாதிரிப் பெண்களுக்குச் சொல்லப்பட்ட வேலைகள் மூன்றுதான். டீச்சர், நர்ஸ், செக்ரட்டரி. மில்லியும் டீச்சர் ஆகலாம் என்றுதான் இருந்தார். கல்லூரியில் இயற்பியல் எடுத்த ஒரு ஆசிரியை, "நீ ஆராய்ச்சிக்குப் போ" என்று விடாமல் தள்ளினார். அந்த ஆசிரியை ரோசலின் யாலோ. பின்னாளில், 1977-ல், மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். நமக்கெல்லாம் ஸ்கூல்ல ஒரு டீச்சராவது அப்படி அமைஞ்சிருப்பாங்க. மில்லிக்கு அமைஞ்சது இந்த ரேஞ்ச்.

அதன்பின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இங்கிலாந்தின் கேவண்டிஷ் ஆய்வகம், 1953-ல் ராட்கிளிஃபில் முதுநிலைப் பட்டம், அடுத்து சிகாகோவில் பிஎச்.டி. சிகாகோவில் அப்போது என்ரிகோ ஃபெர்மி இருந்தார். உலகின் முதல் அணு உலையைக் கட்டிய அதே ஃபெர்மி. மில்லியும் அவரும் ஒரே பக்கம் குடியிருந்ததால், காலையில் பல்கலைக்கழகத்துக்குப் பேசிக்கொண்டே நடந்து போவார்களாம். ஒரு வருஷம் போல அந்தப் பழக்கம். 1954-ல் ஃபெர்மி இறந்துவிட்டார்.

ஆனால் அவருடைய சொந்த ஆய்வு வழிகாட்டி, பெண்களுக்கு அறிவியலில் இடமே கிடையாது என்று நினைக்கிறவர். அதனால் மில்லி கிட்டத்தட்டத் தனியாகவே ஆராய்ச்சி செய்தார். மீகடத்தி, அதாவது சூப்பர்கண்டக்டர், காந்தப்புலத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் தலைப்பு. 1958-ல் பட்டம். அதே ஆண்டு ஜீன் டிரெஸ்ஸல்ஹாஸ் என்ற இயற்பியலாளரைக் கல்யாணம் செய்துகொண்டார். இந்த சூப்பர்கண்டக்டரைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க. கடைசியில திரும்பி வரும்.

அடுத்து வேலை. அன்றைய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கணவனும் மனைவியும் ஒரே துறையில் வேலை பார்க்கக் கூடாது என்று விதி. நடைமுறையில் யாருக்கு வேலை போகும்னு சொல்லவே வேண்டாம். ரெண்டு பேரையும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்த சில இடங்களில் ஒன்று லிங்கன் ஆய்வகம். எம்ஐடியின் கீழ் இயங்குகிற பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம். 1960-ல் இருவரும் அங்கே சேர்ந்தார்கள்.

சேர்ந்ததும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. சூப்பர்கண்டக்டரை விட்டுவிட்டு வேறு எதையாவது எடு என்று சொல்லிவிட்டார்கள். அப்போது எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தது செமிகண்டக்டர் பக்கம். சிலிக்கான், ஜெர்மானியம், டிரான்சிஸ்டர். இன்னைக்கு நாம எல்லாரும் லிங்க்டுஇன்ல 'ஏஐ'ன்னு போட்டுக்கிற மாதிரி.

மில்லி எடுத்தது கிராஃபைட். பென்சில் முனையில் இருக்கே, அதேதான்.

கிராஃபைட் என்பது கார்பன் தாள்களின் அடுக்கு. ஒரு தாளுக்குள் அணுக்கள் தேன்கூடு மாதிரி அறுகோணமாக இறுகப் பிடித்திருக்கும். ஆனால் தாளுக்கும் தாளுக்கும் இடையே பிடிப்பு ரொம்பக் குறைவு. அதனால்தான் பென்சில் எழுதுகிறது. நீங்க கோடு போடும்போது தாள்கள் வழுக்கி உரிஞ்சு பேப்பர்ல ஒட்டுது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குள் சுமார் முப்பது லட்சம் தாள்கள் இருக்கும்.

அன்று கிராஃபைட்டை ஆராய ஆள் கம்மி. கஷ்டமான பொருள், அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பதுதான் பொதுவான எண்ணம். மில்லி ஏன் அதை எடுத்தார்? பல ஆண்டுகள் கழித்து அவரே காரணம் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

லிங்கனில் சேர்ந்த முதல் சில வருடங்களுக்குள் அவருக்கு நான்கு குழந்தைகள் ஆகிவிட்டன. எல்லோரும் ஓடுகிற தலைப்பை எடுத்தால், ஒரு வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தால் போதும், வேறொருவர் முந்திவிடுவார். யாரும் கண்டுகொள்ளாத தலைப்பில் அந்த ஆபத்து இல்லை. ஒரு நாள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று போகாமல் இருந்தாலும் குடி முழுகிவிடாது. அவர் சொன்ன காரணத்தின் சாரம் இதுதான்.

இதைக் கேட்கும்போது "ஆஹா, என்ன ஒரு ஸ்ட்ராட்டஜி"ன்னு தோணும். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. அப்புறம் யோசிச்சேன். அதே ஆய்வகத்துல குழந்தை இருந்த ஆண்கள் யாராவது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுத் தலைப்பு எடுத்திருப்பாங்களா? ஓடுற இடத்துல அவங்களுக்கு இடம் இல்ல. அதனால ஆள் இல்லாத இடமாப் பார்த்துப் போனாங்க. அந்த ஆள் இல்லாத இடத்துல அவங்க என்ன கட்டினாங்கங்கிறது வேற விஷயம்.

என்ன கட்டினார் என்று பார்ப்போம். கிராஃபைட்டை வலுவான காந்தப்புலத்தில் வைத்தால், உள்ளே இருக்கிற எலக்ட்ரான்கள் இஷ்டப்பட்ட ஆற்றலில் எல்லாம் இருக்க முடியாது. மாடிப்படியில் நிற்பது மாதிரி, குறிப்பிட்ட படிகளில்தான் நிற்க முடியும். இப்போது அதன்மேல் அகச்சிவப்பு ஒளியை அடிக்க வேண்டும். எந்த ஆற்றல் உள்ள ஒளி எலக்ட்ரானை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றுகிறது என்று பார்க்க வேண்டும். படிகளுக்கு இடையே உள்ள உயரம் தெரிந்துவிட்டால், எலக்ட்ரான் அந்தப் பொருளுக்குள் எப்படி நடமாடுகிறது என்கிற மேப்பையே வரையலாம். 1960-களின் தொடக்கத்தில் மில்லி செய்தது இதைத்தான்.

1968-ல் எம்ஐடியின் அலி ஜவானுடைய லேசர் உதவியோடு இதே சோதனையை இன்னும் துல்லியமாகச் செய்தார்கள். அப்போது ஒரு விஷயம் தெரிந்தது. கிராஃபைட்டின் மேப்பில் எலக்ட்ரான் எங்கே, அதன் எதிர்ப்பக்கமான 'ஹோல்' எங்கே என்று அதுவரை குறித்து வைத்திருந்தது அப்படியே தலைகீழ். நம்ம பாஷையில் சொன்னா, வருஷக்கணக்கா புரொடக்ஷன்ல ஓடிட்டிருந்த கோட்ல பிளஸ், மைனஸ் மாறியிருக்கு, யாருமே பார்க்கல.

சரி, இப்போ எட்டரை மணி.

லிங்கன் ஆய்வகத்தில் காலை எட்டு மணிக்கு வேலை ஆரம்பம். நான்கு சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு மில்லியால் எட்டரைக்குத்தான் வர முடிந்தது. அந்த அரை மணி நேரத்துக்காக அவர் மேல் தொடர்ந்து குறை சொன்னார்கள். அவர் பின்னாளில் இதை நினைவுகூர்ந்தபோது சொன்னது: என்னை எடை போட்ட ஆண்கள் எல்லோருமே கல்யாணம் ஆகாதவர்கள், என் பிரச்சினை என்னவென்று அவர்களுக்குப் புரிவதே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

கல்யாணம் ஆகாதவர்கள். இருபத்தெட்டு வயசுல, ஓஎம்ஆர் பக்கம் பேயிங் கெஸ்ட் ரூம்ல உட்கார்ந்து, நான் இதைப் படிச்சேன்.

அதிலும் பாருங்க, அவங்க கோவப்பட்டுச் சொல்லல. "புரியறது கஷ்டமா இருந்துச்சு"ன்னு விட்டுட்டாங்க. எங்க அக்கா சிரிச்சாங்களே, அந்த மாதிரி.

இந்த நெருக்கடியில்தான் ஒரு கதவு திறந்தது. பெண் ஆய்வாளர்களுக்கென்று எம்ஐடியில் ஏபி ராக்ஃபெல்லர் மோசே பெயரில் ஒரு நிதி இருந்தது. அதன் மூலம் 1967-ல் மில்லி வருகைப் பேராசிரியராக வளாகத்துக்குள் போனார். இன்ஜினியரிங் மாணவர்களுக்குத் திடப்பொருள் இயற்பியல் நடத்தினார். அடுத்த வருஷமே, 1968-ல், நிரந்தரப் பேராசிரியர் ஆக்கிவிட்டார்கள். எம்ஐடியின் பொறியியல் பிரிவில் அந்த நிலைக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

அங்கிருந்து கிட்டத்தட்ட ஐம்பது வருஷம். எல்லாத்தையும் சொன்னா ராத்திரி ஆயிடும். அதனால கார்பனை மட்டும் பிடிச்சுட்டுப் போவோம்.

1970-களில் கிராஃபைட் தாள்களுக்கு இடையே வேறு அணுக்களைச் செருகும் வேலையில் இறங்கினார். உதாரணமாக, பொட்டாசியம். புத்தகத்துக்குள் மயிலிறகு வைப்பது மாதிரி. செருகும்போது தாள்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகும். எத்தனை தாளுக்கு ஒரு முறை செருகுவது என்பதைக்கூடக் கட்டுப்படுத்தலாம். விலகிய தாள், தனித் தாள் மாதிரியே நடந்துகொள்ள ஆரம்பிக்கும். தனித் தாளைப் பிரித்தெடுக்க வழி தெரியாத காலத்தில், தனித் தாள் எப்படி இருக்கும் என்று எட்டிப் பார்க்க இது ஒரு ஜன்னல். 1981-ல் அவரும் ஜீனும் சேர்ந்து எழுதிய நீண்ட ஆய்வுக் கட்டுரையைப் பல வருஷம் அந்தத் துறையே புரட்டிக்கொண்டிருந்தது. உங்க போன் பேட்டரியிலும் இதே செருகல் தத்துவம்தான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் தாள்களுக்கு இடையே போய் உட்காருது. பேட்டரியைக் கண்டுபிடிச்சது மில்லி இல்ல. ஆனா அந்தத் தாள்களுக்கு இடையில என்ன நடக்குதுன்னு பொறுமையா உட்கார்ந்து படிச்சவங்கள்ல அவங்க முன்னணி.

அடுத்து கார்பன் நானோ குழாய். 1991-ல் ஜப்பானில் சுமியோ இஜிமா இவற்றை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வெளியிட்டார். ஒரு கார்பன் தாளைச் சுருட்டினால் வருகிற குழாய் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டம் போட்ட ஒரு லுங்கியை எடுத்துக்கங்க. அதை நேரா சுருட்டினா கட்டங்கள் விளிம்புல சரியாச் சேரும். கொஞ்சம் சாய்ச்சுச் சுருட்டினா கோடு மரை மாதிரி சுத்திக்கிட்டே போகும். துணி ஒண்ணுதான், சுருட்டின கோணம்தான் வேற. 1992-ல் மில்லியும் ஜீனும் ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தக் கோணத்தையும் சுற்றளவையும் பொறுத்து ஒரே கார்பன் சில குழாய்களில் உலோகமாகவும் சிலவற்றில் செமிகண்டக்டராகவும் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு உலோகம். அதே சமயத்தில் வேறு சில குழுக்களும் தனித்தனியே இதே முடிவுக்கு வந்தன. வேறு எதையும் கலக்காமல், வடிவத்தை மட்டும் மாற்றி ஒரு பொருளின் மின் குணத்தையே மாற்றலாம். நானோ அளவில் இருக்கிற மாயமே இதுதான். மில்லிக்கு அது மாயம் இல்ல. முப்பது வருஷமா அந்தத் தாளோட மேப் அவங்க கையிலேயே இருந்துச்சு.

2004-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் ஸ்டிக்கி டேப்பை வைத்து கிராஃபைட்டை உரித்து உரித்து, கடைசியில் ஒற்றைத் தாளைப் பிரித்தே விட்டார்கள். அதுதான் கிராஃபீன். 2010-ல் அவர்களுக்கு நோபல். இருபரிமாணப் பொருள்கள் என்று ஒரு துறையே கிளம்பியது. யாரும் சீண்டாத கார்பனை எல்லோரும் மொய்க்க ஆரம்பித்தார்கள்.

மில்லிக்கு அப்போது எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு வயது. ஒதுங்கவில்லை. கையில் இருப்பது ஒரு தாளா, இரண்டா, பத்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லேசரை அடித்து, சிதறி வரும் ஒளியின் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ராமன் விளைவு. ஆமா, திருச்சியில பிறந்த நம்ம சர் சி.வி.ராமன் 1928-ல கொல்கத்தாவுல கண்டுபிடிச்சதேதான். அவர் நோபல் வாங்கிய 1930-லதான் மில்லி பிறந்தாங்க. கார்பன் தாள்களையும் குழாய்களையும் ராமன் ஒளியில் படிப்பதற்கு மில்லியின் குழு பெரிய அஸ்திவாரம் போட்டது. எண்பது வயதைத் தாண்டியும், பாஸ்பரஸின் மெல்லிய அடுக்குகள் மாதிரிப் புதிய இருபரிமாணப் பொருள்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விடிகாலையிலேயே ஆபீஸுக்கு வந்துவிடுவார் என்பது எம்ஐடியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எட்டு மணிக்கு வரலன்னு திட்டு வாங்கினாங்களே, அவங்கதான்!

1985-ல், எம்ஐடி பேராசிரியர்களுக்குக் கிடைக்கிற மிக உயர்ந்த பட்டமான 'இன்ஸ்டிட்யூட் புரொஃபசர்' ஆனார். அதிலும் முதல் பெண். 2012-ல் நானோ அறிவியலுக்கான காவ்லி பரிசு, பங்கு போடாமல் அவர் ஒருவருக்கே. 2014-ல் அமெரிக்க அதிபர் ஒபாமா கையால் சுதந்திரப் பதக்கம். அறுபதுக்கும் மேற்பட்ட பிஎச்.டி மாணவர்கள். 2017 பிப்ரவரி 20-ல், 86 வயதில் இறந்தார்.

மாணவர்கள்னு சொன்னதும் ஒண்ணு. எம்ஐடிக்கு வந்த பிறகு, 1970-களின் தொடக்கத்திலேயே, அங்கே இருந்த பெண்கள் எல்லோரையும் கூட்டிப் பேசுவதற்கு ஒரு மன்றம் தொடங்க உதவினார். மாணவிகள், ஊழியர்கள், பேராசிரியர்கள் எல்லோரும் அதில் உண்டு. தான் நுழைஞ்ச கதவைச் சாத்திட்டுப் போகல.

இப்போ அந்த சூப்பர்கண்டக்டருக்கு வருவோம். அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து, 2018 மார்ச்சில், அதே எம்ஐடியில் பாப்லோ ஹரில்லோ-எர்ரெரோவின் குழு ஒரு முடிவை வெளியிட்டது. இரண்டு கிராஃபீன் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, சுமார் 1.1 டிகிரி மட்டும் திருப்பினார்கள். ரொம்பக் குளிர்ந்த நிலையில் அது சூப்பர்கண்டக்டர் ஆகிவிட்டது. வெறும் கார்பன், இரண்டே தாள். எந்த சூப்பர்கண்டக்டரை விட்டுட்டு வேற எதையாவது எடுன்னு அந்த இளம்பெண்கிட்ட சொன்னாங்களோ, அது அவங்க எடுத்த கார்பனுக்குள்ளேயே இருந்திருக்கு. அதைப் பார்க்க அவங்க இல்ல. எனக்கு அது கொஞ்சம் வலிச்சுது.

இந்தக் கதையில நான் எடுத்துக்கிட்டது என்ன? "டிரெண்டைத் துரத்தாதே"ன்னு ஒரு பாடம் சொல்லி முடிச்சிருக்கலாம். வருஷத்துக்கு ஒரு ஃப்ரேம்வொர்க் மாத்துற எனக்கு அது தேவையான பாடமும்கூட. ஆனா அது பாதிக் கதைதான்.

மீதிக் கதை அந்த அரை மணி நேரம். லிங்கன்ல எட்டு மணிக்கு டாண்ணு வந்து உட்கார்ந்தவங்க பேரு நமக்கு ஒண்ணும் தெரியாது. எட்டரைக்கு வந்தவங்க பேரு தெரியும். அதுக்காக லேட்டா வர்றவங்க எல்லாரும் மேதைன்னு சொல்லல. மேதையா இருந்தாத்தான் அரை மணி நேரம் விட்டுக்கொடுப்போம்னு சொன்னா அதுவும் அநியாயம்தானே? மில்லிக்கு ஒரு கதவு திறந்துச்சு. திறக்காம வீட்டுக்குப் போனவங்க எத்தனை பேருன்னு நமக்குக் கணக்கே கிடையாது. அவங்க என்ன கண்டுபிடிச்சிருப்பாங்கன்னும் தெரியாது. என் டீம்லயே ஒருத்தவங்க போனாங்க. அதுல என் பங்கு இருக்கு.

இந்த எபிசோடை எழுதி முடிச்சதும் அக்காவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். அன்னைக்கு நான் அப்படிப் பேசினது தப்புன்னு. ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு. "பரவாயில்ல தம்பி. நீ எனக்காகப் பேசணும்னுகூட நான் எதிர்பார்க்கல. அன்னைக்குச் சும்மா இருந்திருந்தாலே போதும்."

அவங்க அனுமதியோடதான் இதை இங்கே சொல்றேன்.

எங்க டீம்ல இப்போ புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்கார். ஒரு அப்பா. பொண்ணை ஸ்கூல் வேன்ல ஏத்திட்டு வரணும். போன திங்கட்கிழமை ஸ்டாண்ட்-அப்பை பத்து மணிக்கு மாத்தலாமான்னு கேட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல, சரின்னுட்டாங்க. கேலண்டர்ல அந்தக் கட்டத்தை ஒரு மணி நேரம் கீழே இழுத்துவிட ரெண்டு செகண்ட்தான் ஆச்சு. ரெண்டு வருஷம் முன்னாடியும் அதே ரெண்டு செகண்ட்தான் ஆகியிருக்கும்.

அவ்வளவுதான் மக்களே. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதுக்குள்ள உங்க டீம்ல அரை மணி நேரம் லேட்டா வர்றவங்க யாராவது இருந்தா, ஏன்னு ஒரு வாட்டி கேட்டுப் பாருங்க. மீட்டிங்ல வேண்டாம். டீ குடிக்கப் போகும்போது கேளுங்க.